தகரத்துக்குள் பாடும் பாட்டு: இசைத்தட்டைக் கணினியில் பதியும்போது ஒலி கெட்டால் என்ன செய்வது

சுங்கைப்பட்டாணியிலிருந்து பினாங்குக்கு வந்த அத்தை ஒரு சதுர பிஸ்கட் டின்னைக் கையோடு கொண்டுவந்தார். உள்ளே 37 சின்னத் தட்டுகள். எல்லாம் 7 அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று. மாமா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில் சம்பளத்துக்குச் சம்பளம் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்தவை. "ஐயா, இதெல்லாம் போன்ல கேக்கிற மாதிரி செஞ்சி கொடுப்பா. மாமா பாட்டு எல்லாம் இதுலதான் இருக்கு" என்றார். அன்று மாலையே ஒன்றைப் பதிந்து ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். அரை நிமிடம் கேட்டார். "மாமா போடுறப்ப இப்படி இருக்காதே. தகரத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு."

கோளாறு எங்கே என்பது அந்த ஒரு வரியிலேயே இருந்தது. தகரச் சத்தத்துக்கு ஒரு காரணம், உறுமலுக்கு வேறு காரணம், கடைசிப் பாட்டு மட்டும் பிசிறடித்தால் அதற்கு இன்னொரு காரணம். காது சொல்வதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. இந்த வழிகாட்டியை அந்த வரிசையில்தான் எழுதுகிறேன்: காதில் என்ன விழுகிறது, அது எங்கே பிறக்கிறது, அங்கேயே அதை எப்படிச் சரிசெய்வது. கோளாறு பிறந்த இடத்திலேயே அதைத் தீர்க்க வேண்டும். முள் எடுக்காத ஒலியை எந்த மென்பொருளாலும் பிறகு கொண்டுவர முடியாது. இந்தத் தட்டுகளில் பலவற்றை இன்னொரு முறை பதியும் வாய்ப்பும் கிடைக்காது.

முதலில், கோளாறு எந்தப் பாதியில்?

தட்டு, முள், முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ், அதைத் தாங்கும் கை (டோனார்ம்), கம்பிகள், அந்தச் சன்ன ஒலியைச் சமப்படுத்திப் பெருக்கும் போனோ ப்ரீஆம்ப், கணினிக்குள் நுழையும் இடம், மென்பொருள். ஒலி இந்த வழியாகத்தான் வருகிறது. இதை இரண்டாகப் பிரியுங்கள். ப்ரீஆம்ப்பிலிருந்து கணினிக்குப் போகும் கம்பியைப் பிடுங்கி, வீட்டில் உள்ள ஆம்ப்பிலோ பவர் உள்ள ஸ்பீக்கரிலோ நேரடியாகச் செருகிக் கேளுங்கள். அங்கே நன்றாகக் கேட்டால் குற்றம் கணினிப் பக்கம். அங்கேயும் கெட்டுக் கேட்டால் கணினியைத் தொடாதீர்கள், தட்டுப் பக்கம் போங்கள். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் மென்பொருளில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சோதனைக்கு ஒரே ஒரு தட்டை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள தட்டாக, உங்களுக்கு நன்கு பழகிய பாட்டாக இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே இடத்தை மறுபடி பதிந்து கேளுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

தகரச் சத்தம், குடத்துச் சத்தம்

ஒலி மெலிந்து, பேஸ் இல்லாமல், கீச்சென்று, மிகச் சன்னமாகக் கேட்டால் போனோ ப்ரீஆம்ப் வழியில் இல்லை என்று பொருள். அத்தை கேட்டது இதைத்தான். தட்டை வெட்டும்போது பேஸை (தாழ்ந்த ஒலியை) வெகுவாகக் குறைத்து, ட்ரெபிளை (உயர்ந்த, கூர்மையான ஒலியை) வெகுவாக ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். பேஸ் முழு அளவில் இருந்தால் பள்ளம் அகலமாக அலையும், ஒரு பக்கத்தில் இத்தனை நிமிடப் பாட்டை அடக்க முடியாது. ட்ரெபிளை ஏற்றி வெட்டினால், கேட்கும்போது அதை இறக்கும் சமயத்தில் தட்டின் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். 1950களின் நடுவில் இதற்கு ஒரு பொது அளவு வந்தது. அதை ஆர்ஐஏஏ வளைவு என்பார்கள். 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் குறைவு, 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் கூடுதல். அதைத் திருப்பிச் சமப்படுத்துவதுதான் ப்ரீஆம்ப்பின் முதல் வேலை.

இரண்டாவது வேலை, பெருக்குவது. இன்று பரவலாக உள்ள எம்எம் (நகரும் காந்தம்) வகை கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். கணினியின் லைன்-இன் (வெளிக் கருவியின் ஒலியை வாங்கும் துளை) எதிர்பார்ப்பதோ ஏறக்குறைய 300 மில்லிவோல்ட். நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல் பெருக்க வேண்டும். எம்சி (நகரும் சுருள்) வகை என்றால் அது தருவது அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, அதற்கென்று எம்சி சுவிட்ச் உள்ள ப்ரீஆம்ப் வேண்டும். எனக்கு டர்ன்டேபிள் விற்ற கடையில் ‘கம்பியை அப்படியே லேப்டாப்பில் செருகலாம்’ என்றார்கள். செருகினேன். தகரத்தில் பாட்டு வந்தது அப்படித்தான்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. குடத்துக்குள் பேசுவது போலக் கும்மென்று, பேஸ் மூழ்கடித்து, உரத்த இடங்களில் பிசிறடித்தால் ப்ரீஆம்ப் இரண்டு இருக்கிறது. இப்போது வரும் பல டர்ன்டேபிள்களில் பின்பக்கம் ‘போனோ – லைன்’ என்று சின்ன சுவிட்ச் இருக்கும். அது லைனில் இருந்தால் உள்ளேயே ப்ரீஆம்ப் வேலை செய்கிறது. அதை மறுபடி ஆம்ப்பின் போனோ வாயில் செருகினால் இரட்டை வேலை நடக்கும். சுவிட்ச் லைனில் இருந்தால் லைன் வாய், போனோவில் இருந்தால் போனோ வாய். அவ்வளவுதான்.

பெட்டி போல் மூடித் தூக்கிப்போகும் மலிவு விலைக் கருவிகளிலும் பழைய ரேடியோகிராமிலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அது எம்எம்மைவிடப் பல மடங்கு அதிக மின்னழுத்தம் தருவதால் அதை போனோ வாயில் கொடுக்கக் கூடாது.

கணினி உங்களைக் கேட்காமல் செய்யும் வேலைகள்

ப்ரீஆம்ப் வாங்கி மாட்டிய பிறகு 12 தட்டுகளைப் பதிந்து முடித்தேன். பதியும்போது திரையில் அலைகள் ஓடுவதைப் பார்த்தேனே தவிர, உட்கார்ந்து முழுதாகக் கேட்கவில்லை. கேட்டபோது நெஞ்சு கனத்துவிட்டது. ஒரு பக்திப் பாட்டின் தொடக்கத்தில் தம்புரா மட்டும் ஒலிக்கும். முதல் இரண்டு விநாடி சுதி கேட்கிறது, அப்புறம் யாரோ கதவைச் சாத்தியது போல அது அடங்கிப்போகிறது. பாடகர் குரல் எழும்பியதும் திடீரென்று திரும்பி வருகிறது. பாட்டு முடியும் இடத்தில் நாதஸ்வரத்தின் கார்வையைக் கத்தரித்தது போல் நின்றுவிடுகிறது.

காரணம், கணினி அந்த நுழைவாயை மைக் என்று எடுத்துக்கொண்டு, ‘இரைச்சலைக் குறைக்கிறேன்’ என்று வேலை பார்த்தது. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் அதற்குக் காற்றாடிச் சத்தம். தம்புராவின் இயல்பே மாறாமல் ஒலிப்பது. நம் இசையில் சுதி எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதால் இந்த அமைப்பு செய்யும் சேதம் மிக அதிகம். பன்னிரண்டையும் மறுபடி பதிந்தேன்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், நீங்கள் பதியும் இன்புட் கருவியைத் திறந்து, ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப் தயாரிப்பாளர் தனியாகப் போட்டிருக்கும் ஒலிச் செயலி இருந்தால் அதற்குள்ளும் போய் இரைச்சல் குறைப்பு, எதிரொலி நீக்கம், தானியங்கி ஒலியளவு மூன்றையும் நிறுத்துங்கள். அதே இடத்தில் ஃபார்மட் 2 சேனல் (இடது, வலது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். மைக் என்று நினைத்து அதை 1 சேனலில் வைத்திருப்பது சாதாரணம். நான் பதியும் மென்பொருளான ஆடாசிட்டியிலும் ரெக்கார்டிங் சேனல்ஸ் 2 என்று இருக்க வேண்டும், சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அலையே எழாமல் வெறும் கோடு ஓடினால், பிரைவசி பக்கத்தில் மைக்ரோஃபோன் அனுமதி தடைபட்டிருக்கலாம். மேக் என்றால் ‘ஆடியோ மிடி செட்டப்’பில் கருவியைத் தேர்ந்து இரண்டு சேனலையும் ரேட்டையும் பாருங்கள்.

இப்போதைய லேப்டாப்பில் இருக்கும் ஒற்றை ஹெட்செட் துளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் உள்வரும் பக்கம் ஒரே ஒரு மைக்குக்கானது, மோனோ. அதில் லைன் ஒலியைக் கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும் பதியும், அதுவும் பிசிறடிக்கும். எந்த அமைப்பை மாற்றினாலும் இது திருந்தாது. ஸ்டீரியோ லைன்-இன் உள்ள சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றுதான் வழி. மேசைக் கணினியில் நீல நிறத் துளை இருந்தால் அது லைன்-இன், அதைப் பயன்படுத்தலாம். இளஞ்சிவப்பு மைக், அது வேண்டாம்.

யூஎஸ்பி டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது பட்டியலில் ‘மைக்ரோஃபோன் – யூஎஸ்பி ஆடியோ கோடெக்’ என்பது போன்ற பெயரில் தெரியும். ஆடாசிட்டியில் அதைத் தேர்ந்தெடுக்க மறந்தால் லேப்டாப்பின் சொந்த மைக் உங்கள் அறையைப் பதிந்துகொண்டிருக்கும். விரலால் லேப்டாப்பின் மேல் தட்டிப் பாருங்கள். அலை துள்ளினால் தவறான கருவி.

ஒலியளவு

முழுத் தட்டையும் பதிவதற்கு முன் அதன் மிக உரத்த இடத்தைப் போட்டு, மென்பொருளின் மீட்டரில் உச்சம் -6 டெசிபல் அருகில் நிற்கும்படி வையுங்கள். -10 ஆனாலும் பரவாயில்லை. 0-வைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்பட்டுப் போகும், வெட்டுப்பட்டது திரும்பாது. இசைத்தட்டில் சன்னத்துக்கும் உரத்ததுக்கும் உள்ள இடைவெளி 60, 70 டெசிபல் அளவுதான். 16 பிட் பதிவுக்கே 96 டெசிபல் இடம் உண்டு. அதனால் கொஞ்சம் தாழ்த்திப் பதிவதால் எதையும் இழக்க மாட்டீர்கள்.

ஒரு நுணுக்கம்: மீட்டர் -6-ஐத் தாண்டவே இல்லை, ஆனாலும் ஒலி பிசிறடிக்கிறது, பெரிதாக்கிப் பார்த்தால் அலைகளின் தலை எல்லாம் மேசை போல் தட்டையாக இருக்கிறது என்றால், வெட்டு கணினிக்கு முன்பே நடந்துவிட்டது. ப்ரீஆம்ப்பில் கெய்ன் (பெருக்கும் அளவு) திருகி இருந்தால் அதைக் குறைத்து, தேவையானால் கணினிப் பக்கம் ஏற்றுங்கள்.

உறுமல்

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். முள்ளைத் தூக்கிவிட்டு ஒலியை ஏற்றுங்கள். முள் தட்டில் இல்லாதபோதும் ‘ம்ம்ம்’ என்று வந்தால் அது மின்சாரத்திலிருந்து வருவது. முள் இறங்கினால் மட்டும் வந்தால் அது அதிர்விலிருந்து வருவது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மின்சார உறுமலுக்கு முதலில் டோனார்மை விரலால் தொடுங்கள். சத்தம் மாறினால் எர்த் கம்பிதான் பிரச்சினை. டர்ன்டேபிளின் பின்னால் தொங்கும் மெல்லிய தனிக் கம்பி ப்ரீஆம்ப்பின் ‘கிரவுண்ட்’ திருகில் இறுகியிருக்க வேண்டும். அந்தத் திருகு காற்றுப்பட்டுக் கறுத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மாட்டுங்கள். கடற்காற்று வீசும் ஊரில் பித்தளை சீக்கிரமே மங்கிவிடும்.

அடுத்து லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில் பதிந்து பாருங்கள். உறுமல் நின்றால் அது கிரவுண்ட் லூப். ஆம்ப் ஒரு பிளக்கில், சார்ஜர் இன்னொரு பிளக்கில் என்று எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவதால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸும் பாட்டுக்குள் ஏறுகின்றன. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுவது, பேட்டரியிலேயே பதிவது, ஒலிக் கம்பியின் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் போடுவது என மூன்று வழி உண்டு. நான் பேட்டரியில்தான் பதிகிறேன். உறுமலை நிறுத்துவதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை யாரும் வெட்டிவிடாதீர்கள், அது உயிரைக் காப்பாற்ற வைத்தது. பழைய வீட்டில் சுவர் பிளக்குக்கே எர்த் இல்லை என்று சந்தேகம் வந்தால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உறுமலோடு ‘ஸ்ஸ்ர்ர்’ என்ற கூர்மையான அதிர்வும் வந்தால் மேலே சுற்றும் விசிறியைச் சந்தேகப்படுங்கள். விசிறியை விட அதன் சுவர் ரெகுலேட்டரைத்தான். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின்னலையைத் துண்டு துண்டாக வெட்டுவதால் பிறக்கும் சத்தம் போனோ கம்பியில் ஏறிவிடும். ஒரு பக்கம் பதியும் நேரம் விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கைபேசியையும் கம்பிகளுக்கு எட்டத்தில் வையுங்கள்.

அதிர்வு வகைக்கு இடம் மாற்றுவதுதான் மருந்து. எங்கள் வீட்டு மாடியில் தரை பலகை. யாராவது நடந்தால் முள் குதிக்கும், லெபோ பாசாரில் லாரி போனாலும் அலையில் ஒரு மேடு தெரியும். டர்ன்டேபிளைத் தரையில் நின்ற மேசையிலிருந்து எடுத்து, செங்கல் சுவரில் அடித்த பலகைத் தட்டில் வைத்தேன். அன்றோடு அது தீர்ந்தது. பதியும்போது ஸ்பீக்கரை அணைத்து ஹெட்போனில் கேளுங்கள். ஸ்பீக்கரின் பேஸ் தட்டை ஆட்டி, அது மறுபடி முள் வழியாக ஏறி வருவது பலர் கண்டுபிடிக்காத கோளாறு.

கரகரப்பு

பொட்டுப் பொட்டென்று சத்தம் வந்தால் உடனே தட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். அதே இடத்தை இன்னொரு முறை பதியுங்கள். சத்தம் அதே சொல்லில் விழுந்தால் அது தட்டில் இருக்கிறது. இடம் மாறி விழுந்தால் அது கணினியில் இருக்கிறது. கணினி, வருகிற தரவை வாங்கிக்கொள்ள நேரம் போதாமல் தவறவிடுகிறது. யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகக் கணினியில் செருகுங்கள், மென்பொருளில் பஃபரை (வரும் தரவு காத்திருக்கும் இடத்தை) கூட்டுங்கள், வைஃபையையும் பிற செயலிகளையும் மூடுங்கள்.

தட்டில் உள்ளது என்றால், அலையில் ஒரு பொட்டுக்கும் அடுத்த பொட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 45 சுற்றுத் தட்டில் சரியாக 1.33 விநாடிக்கு ஒன்று, 33⅓ தட்டில் 1.8 விநாடிக்கு ஒன்று என்று விழுந்தால் குறுக்கே கீறல் இருக்கிறது, கழுவினால் போகாது. ஒழுங்கில்லாமல் மழை தூறுவது போல் விழுந்தால் அது அழுக்கும் நிலைமின்னூட்டமும். நம் ஊரில் மூன்றாவதாகப் பூஞ்சையும் உண்டு. லோரோங் கூலிட் சந்தையில் வாங்கும் தட்டுகளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மாவு தெளித்தது போல் வெள்ளைத் திட்டு தெரியும். அதை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, பள்ளத்துக்குள் அழுத்தி ஏற்றிவிடுவீர்கள்.

நான் கழுவும் முறை இது. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு மட்டும். மென்மையான பிரஷ்ஷை நனைத்து, பள்ளம் சுற்றும் திசையிலேயே வட்டமாக நான்கைந்து சுற்று ஓட்டுவேன். ஒருபோதும் குறுக்கே இல்லை. நடு லேபிளை உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் மூடியால் மறைத்துக்கொள்வேன், பழைய லேபிளின் மை நீர் பட்டால் கரையும். பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் அலசி, நுண்ணிழைத் துணியால் ஒற்றி, பாத்திரம் கவிழ்க்கும் ஸ்டாண்டில் நிழலில் நிறுத்துவேன். குழாய் நீர் வேண்டாம், காய்ந்ததும் அதன் உப்பு பள்ளத்தில் தங்கும். காய்ந்த தட்டைப் பழைய உறையில் திரும்பப் போடாதீர்கள். பூஞ்சை அந்தக் காகிதத்தில்தான் குடியிருக்கிறது. புது உள்ளுறை வாங்கிப் போடுங்கள், பழைய உறையைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

அத்தையின் தட்டுகளில் முதலாவதைக் கழுவி மறுபடி போட்டபோது, பாட்டுக்கு முன்னால் இரண்டு விநாடி அமைதி கேட்டது. அதுவரை அந்த இடத்தில் அமைதி இருக்கிறது என்பதே தெரியவில்லை.

பிசிறு

‘ச’, ‘ஷ’, ‘ஸ்’ வரும் இடமெல்லாம் காறித் துப்புவது போல் கேட்டால் முள்ளைப் பாருங்கள். பஞ்சு சிக்கியிருந்தால் பின்னிருந்து முன்னாக மட்டும் பிரஷ்ஷால் தடவி எடுக்கவும். சாதாரண வைர முள் 300 முதல் 500 மணி நேரம் தாங்கும். எத்தனை மணி ஓடியது என்று தெரியாத பழைய டர்ன்டேபிள் வாங்கினால் முதல் செலவு புது முள்ளாக இருக்கட்டும். தேய்ந்த முள் கெட்டுக் கேட்பதோடு நிற்காது, ஓடும் தட்டையெல்லாம் செதுக்கிக்கொண்டே போகும்.

எடை அடுத்தது. பெரும்பாலான எம்எம் கார்ட்ரிட்ஜ்களுக்கு 1.5 முதல் 2.5 கிராம் வரை சொல்லியிருப்பார்கள். முள் எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள். முள் குதிக்கிறது என்று டோனார்ம் தலையில் பத்துக் காசை ஒட்டி வைக்கும் பழக்கம் இங்கே பல வீடுகளில் இருந்தது. அந்தக் காசு ஏறக்குறைய 3 கிராம், அதாவது முள்ளின் எடை தேவையைப் போல் இரட்டிப்புக்கும் மேலாகிவிடும். அதே சமயம் எடை குறைவாக வைப்பதும் தட்டுக்கு நல்லதில்லை. லேசாக இருக்கும் முள் உரத்த இடங்களில் பள்ளத்தின் சுவரை விட்டு எழும்பி எழும்பி மோதும். தயாரிப்பாளர் சொன்ன அளவின் மேல் பாதியில் வையுங்கள்.

பெரிய தட்டின் கடைசிப் பாட்டு மட்டும் பிசிறடிப்பதற்குக் கணக்கு இருக்கிறது. 33⅓ தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளுக்கு அடியில் விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் ஓரத்தில் 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டு பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. கார்ட்ரிட்ஜ் கோணலாக இருந்தால் அந்த இடத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் அளவுத்தாளை அச்சிட்டுத் தட்டின் இடத்தில் வைத்து, கார்ட்ரிட்ஜைக் கோடுகளுக்கு இணையாக நிறுத்துங்கள். கூம்பு முள்ளை மாற்றி நீள்வட்ட முள் போட்டாலும் நல்ல வித்தியாசம் தெரியும்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால் ப்ரீஆம்ப்பில் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஊமைப் பக்கம் மாறினால் கோளாறு டர்ன்டேபிளில், மாறாவிட்டால் ப்ரீஆம்ப்பிலோ அதற்குப் பின்னோ. கார்ட்ரிட்ஜின் பின்னால் நான்கு மெல்லிய கம்பிகள் உண்டு: வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. ஒரு ஜோடி தலைகீழாக மாட்டப்பட்டால் குரல் நடுவில் நிற்காமல் தலைக்குப் பின்னால் மிதப்பது போல் கேட்கும்.

சுதி

பக்கத்து வீட்டு அண்ணன் மகாமாரியம்மன் கோயிலில் பஜனை பாடுகிறவர். நான் பதிந்த ஒரு எல்பியை (33⅓ சுற்றுப் பெரிய தட்டை) ஆர்மோனியத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அரைக் கட்டை எறங்கியிருக்கு" என்றார். அரைக் கட்டை என்றால் வேகத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு. தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, கைபேசிக் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். 33⅓-இல் 3 நிமிடத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும். எனக்கு வந்தது 94. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், கப்பியை விட்டு எடுத்த பிறகும் சுருங்காமல் சோற்றுக் கஞ்சி போல் தொய்ந்து கிடந்தது. புது பெல்ட் போட்டதும் 100 வந்தது. 45-க்கு எண்ணுபவர்கள் 135 வருகிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து பழைய டர்ன்டேபிள் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய மோட்டார்கள் பல மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடும். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்குச் செய்ததை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், 33⅓ என்பது 28-க்கும் கீழே போகும். அதற்கு 50 ஹெர்ட்ஸ் கப்பி மாட்ட வேண்டும். ஜப்பானியக் கருவி என்றால் 100 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் புகைதான். விளக்கொளியில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி என்று காட்டும் கோட்டு வட்டமும் அப்படியே: 50 ஹெர்ட்ஸுக்கு 180 கோடு, 60 ஹெர்ட்ஸுக்கு 216. தவறான வட்டத்தை நம்பித் திருகினால் சரியான வேகத்தைக் கெடுத்துவிடுவீர்கள்.

ஒரே சீராக மெதுவாக ஓடியதைப் பதிந்த பிறகும் மென்பொருளில் திருத்தலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் சுதி ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் முடியாது. அது நடுத்துளை விலகலோ வளைந்த தட்டோ. துளை தளர்வாக இருந்தால் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, டோனார்ம் பக்கவாட்டில் ஆடாத இடத்தைக் கண்டுபிடித்துப் பதியுங்கள்.

78 சுற்று அரக்குத் தட்டு இருந்தால் மூன்று விஷயம். எல்பி முள் அதன் அகலப் பள்ளத்தின் அடியில் போய் உரசும், அதற்கென்ற 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முள் வேண்டும். ஆல்கஹால் கலந்த எதையும் அதன் மேல் ஊற்றாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். 78 வேகம் இல்லாத டர்ன்டேபிள் என்றால் 45-இல் பதிந்து, ஆடாசிட்டியில் 45-இலிருந்து 78-க்கு மாற்றும் அமைப்பைப் பயன்படுத்தலாம்.

பதிந்த பிறகு

1960களின் தமிழ்ப் பாட்டுத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. மேல்கீழ் அசைவு முழுக்க இரைச்சல். ஸ்டீரியோவாகப் பதிந்துவிட்டு, ஆடாசிட்டியில் டிராக்ஸ், மிக்ஸ் என்று போய் மோனோவாகக் கலந்தால் அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பாட்டு அப்படியே நிற்கும். கரகரப்பைக் குறைக்க இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது. பள்ளத்தின் ஒரு சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் கலக்காமல், இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கேட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 25 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழே உள்ள ஒலியைக் குறைப்பது) போட்டால் மோட்டார் அதிர்வும் வளைந்த தட்டால் வரும் தாழ்ந்த அதிர்வும் போகும். கிளிக் ரிமூவலை மெதுவான அளவில் ஒரு முறை ஓட்டுங்கள். அளவு கூடினால் மிருதங்கத்தின் ‘தா’, வீணையின் மீட்டு முனை எல்லாம் மழுங்கும். தனியாக நிற்கும் பெரிய பொட்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்து, 128 சாம்பிளுக்குள் தேர்ந்தெடுத்து, ‘ரிப்பேர்’ கொடுங்கள். நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டுமென்றால் 6 டெசிபல் போதும். அதற்கு மேல் போனால் பாட்டு தண்ணீருக்குள் இருந்து வருவது போலாகிவிடும்.

ஒரு தட்டில் இரண்டாவது சரணத்தில் டப்பென்று ஒரு சத்தம் இருந்தது. அதை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். கேட்டுக்கொண்டே வந்த அத்தை அந்த இடத்தில் நிமிர்ந்து, "அந்த டப்பு எங்கய்யா? மாமா தட்ட கீழ போட்டுட்டாரு, அன்னையில இருந்து அங்க அப்படித்தான் கேக்கும்" என்றார். அந்தப் பாட்டை மட்டும் பழையபடியே திருப்பி வைத்துவிட்டேன்.

மூலப் பதிவைத் திருத்தாமல் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக ஒரு பிரதி வையுங்கள். சுருக்காத நிலையில் ஸ்டீரியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 16 மெகாபைட் ஆகும், ஃப்ளாக்கில் அதிலும் குறையும். சின்ன யூஎஸ்பி கருவிகள் பல 16 பிட்தான் தரும், அதுவும் போதும். திருத்தியதைத் தனிக் கோப்பாகவும், போனுக்கு எம்பி3-ஆகவும் எடுங்கள். கோப்பின் பெயரில் தட்டு எண்ணையும் பக்கத்தையும் எழுதுங்கள், லேபிளை இரண்டு பக்கமும் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். இரண்டாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கேமராவுக்கு வாங்கும் ட்ரை கேபினெட் இருந்தால் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்து அதற்குள் நிறுத்தலாம். அத்தையின் 37 தட்டும் இப்போது அதன் கீழ்த்தட்டில் நிற்கின்றன. பிஸ்கட் டின்னை அவர் திரும்ப வாங்கிப் போய்விட்டார்.